தன் சொல்லும் பிறர் வாயும்

இளமையில் வந்தெய்தும் புகழ் இனியது, ஆயின் நில்லாதது. அதிலும் பாடுவோர் பெறும் புகழ் மிக விரைவில் நீங்குவதொன்று. சிற்பி செதுக்கிய கல் அவன் மறைந்த பின்னும் நிற்கும். தச்சன் செய்த தேர் அவன் பேரன் காலத்தும் வீதியில் ஓடும். பாடுவோன் குரலோ அவன் உடம்பொடு வளர்ந்து உடம்பொடு தளர்வது. மேனாடுகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், இசைத்தட்டு வாணிகம் பெருகிய காலத்தே, பதினைந்து பதினாறு பிராயமுடைய சிறுவர் சிறுமியர் பலர் ஒரே பாட்டினால் உலகறிந்தவராயினர். அவருட் பலர் இருபது வயது நிரம்பியதும் மறக்கவும்பட்டனர்.

அங்ஙனம் மறக்கப்படாத சிலருள் ஒருவர் பால் ஆங்கா என்பார். அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தது, அவர் ஈட்டிய பொருளையோ பெற்ற சிறப்பையோ வியத்தற்கன்று. சிறுவராயிருந்த காலத்துத் தம் பாட்டைத் தாமே பாடிப் புகழ்பெற்ற அவர், பின்னர்த் தம் சொல்லைப் பிறர் வாயில் வைத்து அதனினும் பெரும்பயன் விளைத்தார். பாடுவோன் பெரியனோ, பாட்டை ஆக்குவோன் பெரியனோ என்னும் வினா என் உள்ளத்தே நெடுநாளாக உண்டு. அவ்வினாவிற்கு அவர் வாழ்க்கை ஒரு விடை தருகின்றது என்று எண்ணுகிறேன்.

பால் ஆங்கா 1941-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் கனடா நாட்டின் தலைநகராகிய ஒட்டாவாவிற் பிறந்தார். அவர் முன்னோர் சிரியா, லெபனான் நாடுகளினின்று வந்து குடியேறிய கிறிஸ்தவர். பெற்றோர் உணவுச்சாலை நடத்தினர். அந்நகரிலுள்ள பரிசுத்த எலியா ஆலயம் அந்தியோகிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்தது. அவ்வாலயத்துப் பாடகர் குழுவிலே சிறுவன் பால் பாடினான். அக்குழுவை நடத்திய பிரெடெரிக் காரம் என்பாரிடமே இசையிலக்கணமும் பயின்றான். நம் சபைகளிற் பாடும் இளைஞர் இதனைக் கருதல் வேண்டும். பிற்காலத்தே உலகம் கேட்ட அக்குரல், முதலில் ஓர் ஆலயத்தின் பாடகர் வரிசையிலே, பல குரல்களுள் ஒன்றாய் அடங்கி நின்ற குரலேயாம்.

1956-இல் அவன் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதனை வாங்குவார் அதிகமில்லை. அடுத்த ஆண்டு, உறவினர் ஒருவர் தந்த நூறு டாலரைக் கையிற்கொண்டு நியூயார்க்கு நகரஞ் சென்றான். ஆங்கு ஏ.பி.சி. பாரமௌண்ட் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியில் டான் காஸ்டா என்பார் முன்பு தான் இயற்றிய பாட்டுக்களைப் பாடிக் காட்டினான். அவற்றுள் ஒன்று “டயானா”. தன்னினும் வயதில் மூத்த பெண்ணொருத்தியை நோக்கி ஒரு சிறுவன் தன் அன்பை உரைத்து இரங்கும் பாட்டு அது. 1957-இல் வெளிவந்த அப்பாட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது. பதினாறு வயதுச் சிறுவன் பல நாட்டு மேடைகளில் ஏறினான்.

பின்னர் “யூ ஆர் மை டெஸ்டினி” 1958-இலும், “லோன்லி பாய்” 1959-இலும், “பப்பி லவ்” 1960-இலும் வந்தன. இவற்றுள் “லோன்லி பாய்” அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. தனித்திருக்கும் சிறுவன் என்பது அத்தலைப்பின் பொருள். “பப்பி லவ்” என்பதோ, இளஞ்சிறார் கொள்ளும் காதலை நாய்க்குட்டியின் அன்பென்று பெரியோர் நகைத்துக் கூறும் சொல். அந்நகையைக் கேட்டு வருந்தும் இளைஞன் கூற்றாகவே அப்பாட்டு அமைந்தது. எல்விஸ் பிரெஸ்லி முதலிய அக்காலத்துப் பெரும்பாடகர் பாடியவை பெரும்பாலும் பிறர் இயற்றியவை. இச்சிறுவனோ தன் நெஞ்சில் உள்ளதைத் தானே எழுதித் தானே பாடினான். அப்பாட்டுக்களில் வரும் ‘நான்’ என்பது அவனே. சொல்லும் குரலும் ஓருடம்பில் நின்ற காலம் அது.

அக்காலத்தே அவன் பெற்ற புகழின் இயல்பை அறிய விரும்புவோர், கனடா நாட்டுத் தேசியத் திரைப்படக் கழகம் 1962-இல் எடுத்த “லோன்லி பாய்” என்னும் ஆவணப்படத்தைக் காணலாம். மேடையின்முன் இளம்பெண்கள் கூவுகின்றனர், அழுகின்றனர், கைநீட்டுகின்றனர். மேடையின் பின்னே அவன் தோற்றத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் பெரியோர் விலைப்பொருளைப் பேசுவது போலப் பேசுகின்றனர். அக்கூக்குரல் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற ஐயம் படத்தைக் காண்பார்க்கு எழாமற் போகாது.

அவ்வையம் விரைவில் உண்மையாயிற்று. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர், பீட்டில்ஸ் என்னும் பெயருடையார், அமெரிக்காவில் வந்திறங்கினர். இளைஞர் உள்ளமெல்லாம் அவர்பாற் சென்றது. அவருக்கு முன்னிருந்த பாடகர் பலர் இருந்த இடந்தெரியாமற் போயினர். ஆங்காவிற்கு அப்பொழுது வயது 22. அவ்வாண்டே இத்தாலி நாட்டுச் சான் ரேமோ இசைவிழாவிற் சென்று இத்தாலிய மொழியிற் பாடினார். வேற்றுநாடுகளில் அவருக்கு மதிப்பு இருந்தது. எனினும் 1959-இல் அமெரிக்காவிற் பெற்ற முதலிடம் 1974 வரை அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. பதினைந்து ஆண்டு என்பது பாடுவோன் வாழ்விற் சிறிது காலமன்று. அவ்விடைக்காலத்தே அவரைத் தாங்கியது யாது? அதனை அறிய, அவர் வாழ்வில் முன்னரே நிகழ்ந்த ஒன்றைக் காண்டல் வேண்டும்.

1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கா ஆஸ்திரேலியாவிற் பாடச் சென்றபோது உடன் சென்றவருள் பட்டி ஹாலி என்னும் இளம்பாடகர் ஒருவர். இருவர்க்கும் நட்பு உண்டாயிற்று. அந்நட்பின் பயனாக ஹாலி பாடுதற்கென்றே ஆங்கா ஒரு பாட்டு இயற்றித் தந்தார். “இட் டஸண்ட் மேட்டர் எனிமோர்” என்பது அதன் பெயர். இனி எதுவாயினும் கவலையில்லை என்பது அப்பெயரின் கருத்து. 1958 அக்டோபரில் வயலின் முதலிய தந்தியிசை சூழ ஹாலி அதனைப் பாடிப் பதிவு செய்தார். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் ஐயோவா மாகாணத்திலே விமானம் வீழ்ந்து ஹாலி இறந்தார். அவருக்கு வயது 22. மணம் முடித்து ஆறு திங்களே ஆகியிருந்தது. பாடியவர் மண்ணுள் மறைந்த பின்னர் அப்பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. அப்பாட்டினால் ஆக்கியோனுக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையை ஹாலியின் மனைவிக்கே அளித்துவிட்டதாக ஆங்கா கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியை யான் பலகாற் சிந்தித்ததுண்டு. விதவையரை விசாரிப்பது பக்தியின் இலக்கணம் என்று நாம் சிறுபருவத்தே கற்றோம். ஆயினும் ஈண்டு யான் கருதுவது அவ்வறத்தை மட்டுமன்று. தன் சொல்லைப் பிறன் ஒருவன் வாயில் வைத்தவன், அவ்வாய் மூடிய பின்னும் அச்சொல் உயிரோடிருத்தலைக் கண்டான். பதினேழு வயதில் அவன் கற்ற அப்பாடம், பின்னர்க் கூக்குரல் ஓய்ந்த காலத்தே அவனுக்குத் துணையாயிற்று.

பின்னொரு பாட்டில் சொல்லையும் துறக்க நேர்ந்தது. 1959-இல் அனெட் பனிசெல்லோ என்னும் இளம்பாடகி பாடிய ஆங்காவின் பாட்டொன்று உண்டு. 1962-இல் ஜானி கார்சன் என்பார் ‘டுநைட் ஷோ’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, அப்பாட்டின் சொற்களை நீக்கி இசையை மட்டும் தொடக்க இசையாக அமைத்தனர். ஆக்கியோன் என்னும் பெயரிலும், அதனால் வரும் தொகையிலும் கார்சனுக்குப் பாதிப்பங்கு சென்றது. 1992 வரை முப்பதாண்டு அவ்விசை இரவுதோறும் ஒலித்தது. கேட்டவருள் அதனை ஆக்கியவர் பெயர் அறிந்தார் எத்துணையர்?

இனி அவர் இயற்றியவற்றுள் மிக்க புகழுடைய பாட்டிற்கு வருவோம். 1967-இல் குளோட் பிரான்சுவா என்னும் பிரெஞ்சுப் பாடகர், ஜாக் ரெவோ, ஜில் திபோ என்னும் இருவருடன் சேர்ந்து ஒரு பாட்டு உருவாக்கினார். வழக்கம் போல என்பது அதன் தலைப்பின் பொருள். அன்பு குன்றி வழக்கமாகவே தேய்ந்துவிட்ட இல்வாழ்க்கையை அது கூறுவது. ஆங்கா அதனைப் பிரான்சு நாட்டிற் கேட்டார். அவ்விசையைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். அதன் பின்னர், பெரும்பாடகராகிய பிராங்க் சினாட்ரா தாம் பாட்டுத் தொழிலையே விட்டுவிட எண்ணியிருப்பதாக ஒரு விருந்திற் கூறக் கேட்டார். ஒருநாள் நள்ளிரவு கடந்து ஒருமணிக்கு நியூயார்க்கில் அமர்ந்து எழுதத் தொடங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கு முடித்ததாக அவரே சொல்லியுள்ளார். சினாட்ரா எவ்வாறு பேசுவார், எச்சொல்லை ஆள்வார் என்று எண்ணி எண்ணி எழுதினாராம். பிரெஞ்சுப் பாட்டின் பொருள் முற்றும் நீங்கிற்று. வாழ்வின் எல்லையில் நிற்கும் ஒரு மனிதர் தாம் நடந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் புதுப்பாட்டுப் பிறந்தது. அதுவே “மை வே”. என் வழி என்பது பொருள்.

1968 டிசம்பர் 30-ஆம் நாள் சினாட்ரா அதனைப் பாடிப் பதிவு செய்தார். அவருக்கு வயது 53, எழுதியவர்க்கு 27. இங்கிலாந்தின் பட்டியலில் முதல் நாற்பது இடங்களுள் 75 வாரம் அப்பாட்டு நின்றது. இத்தகைய பாட்டை நீர் ஏன் உமக்கே வைத்துக்கொள்ளவில்லை என்று ஆங்காவின் இசைத்தட்டுக் கம்பெனியார் சினந்தனராம். தம்மால் அதனை எழுத முடியும், ஆனால் அதனைப் பாடத்தக்கவர் தாம் அல்லர் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அவர் வரலாறு முழுவதிலும் என்னைத் தடுத்து நிறுத்தியது இவ்விடையே. இருபத்தேழு வயதினன் முதுமையை எழுதலாம். ஆயின் அவன் வாயில் அது நடிப்பாய் முடியும். வாழ்ந்து களைத்த குரலில் அதுவே உண்மையாகும். இதனை உணர்ந்து, கைக்கு வந்த பொன்னைப் பிறர் கையிற் கொடுப்பது எளிதன்று.

இப்பாட்டின் கருத்தை ஒரு கிறிஸ்தவ மாணவன் முற்றும் ஏற்றல் இயலாது. தன் வழியிலேயே நடந்தேன் என்று பெருமிதங்கொள்ளும் நெஞ்சமும், கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் செய்த ஜெபமும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆயினும் இப்பாட்டுப் பிறந்த முறையை நோக்குங்கால் ஒரு புதுமை புலனாகும். இசை வேறொருவருடையது, வாழ்க்கை வேறொருவருடையது, வாயும் வேறொருவருடையது. எழுதியவர் தம்மை முழுவதும் மறைத்துக்கொண்டாலன்றி இப்பாட்டுப் பிறந்திராது. உலகிலே ‘என் வழி’ என்று உரக்கக் கூறும் பாட்டு, தன்னை ஒடுக்கிக்கொண்ட ஒருவர் கையினின்றும் வந்தது!

தமிழ் பயிலும் நமக்கு இம்முறை புதிதன்று. சங்கத்து அகப்பாடல்களிற் புலவர் தாமாக நின்று பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், மகளைப் பிரிந்த செவிலி பேசுவாள். நரைத்த ஆண்பாற் புலவர் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சினுட் புகுந்து அவள் கூற்றாகவே பாடி, ஓசையின்றி நீங்கிவிடுவார். குறுந்தொகையுள் ஒரு புலவரின் இயற்பெயரே மறைந்துபோயிற்று. தம் பாட்டில் அவர் ஆண்ட தொடர்கொண்டே அவரைச் செம்புலப் பெயனீரார் என்று வழங்குகின்றோம். அவர் ஊர் யாது, தொழில் யாது, ஒன்றும் தெரியாது. சொல் மட்டும் நிற்கின்றது. அவர்க்கும் ஒட்டாவாவிற் பிறந்தவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் பிறர் வாயிற் சொல்லை வைக்கும் கலையில் இருவரும் ஒரு நெறியினரே.

இவ்வினா எனக்கு வெறும் நூலாராய்ச்சியாக எழுந்ததன்று. பதின்மூன்று வயதுவரை யான் எங்கள் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் உச்சக்குரலிற் பாடினேன். கிறிஸ்மஸ் இரவில் தனித்துப் பாடும் பேறும் எனக்கிருந்தது. பதினாலாம் வயதிற் குரல் உடைந்தது. அடுத்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்குப் பழைய மெட்டொன்றிற்குப் புதிய சொற்கள் வேண்டுமென்று குழுத்தலைவர் என்னை ஏவினார். எழுதிக் கொடுத்தேன். என் இடத்தில் நின்று வேறொரு சிறுவன் பாடினான். ஆராதனை முடிந்ததும் தாய்மார் அவனைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தடவி வாழ்த்தினர். சொல் யாருடையது என்று கேட்பார் இல்லை. அன்று வீடு திரும்பும் வழியில் என் நெஞ்சில் ஒரு வெறுமை இருந்தது.

சில திங்கள் கழித்து, எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி திண்ணையில் அமர்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே எதையோ முணுமுணுக்கக் கேட்டேன். அஃது என் பாட்டு. யான் ‘விளைச்சல்’ என்று எழுதிய இடத்தில் அவர் ‘வெள்ளாமை’ என்று பாடினார். “இஃது என்ன பாட்டு, பாட்டி?” என்றேன். “கோயில் பாட்டு ராசா, எல்லாரும் படிக்கிறதுதான்” என்றார், கையை நிறுத்தாமலே. அவர் மாற்றிய சொல் என் சொல்லினும் நன்றாயிருந்தது. மறு ஆண்டு பாட்டுத்தாள் அச்சிட்டபோது ‘வெள்ளாமை’ என்றே அச்சிடச் செய்தேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார். அவர் பாட்டுக்களை மனப்பாடமாகப் பாடும் எளிய சபையார் பலர் அவர் பெயரை அறியார். அவ்வறியாமையே ஒரு புலவனுக்குக் கிடைக்கும் பெரும்பரிசு போலும்.

இனி, ஆங்காவைக் குறையற்றவராகக் காட்டுதல் என் கருத்தன்று. 1974-இல் அவர் தாமே எழுதி, ஒடியா கோட்ஸ் என்னும் பாடகியுடன் சேர்ந்து பாடிய பாட்டொன்று அமெரிக்காவில் மீண்டும் முதலிடம் பெற்றது. கருவுற்ற மனைவியை நோக்கி, என் குழந்தையைச் சுமக்கின்றாய் என்று கணவன் மகிழ்வதாக அமைந்தது அது. பெண்ணுரிமை வேண்டுவோர் அதனைக் கடிந்தனர். பெண்ணின் குழவியை ஆடவன் ‘என்’ எனல் தகுமோ என்பது அவர் வினா. பின்னர் மேடைகளில் அவர் சிலபோது அச்சொல்லை ‘நம்’ என்று மாற்றிப் பாடியதும் உண்டு. பிறர்க்காக எழுதியபோது தம்மை மறந்தவர், தமக்காக எழுதியபோது ‘என்’ என்னும் சிறுசொல்லில் இடறினார். எழுதுவோர் யாவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அன்றியும், சொல்லைப் பிறர்க்கு வழங்கினார் என்பதனால் அவர் தம் உரிமையைக் காவாதவர் என்று கொள்ளற்க. தம் இளமைக்காலப் பாட்டுக்களின் மூலப் பதிவுகளைக் கம்பெனியாரிடமிருந்து விலைக்கு வாங்கித் தம் உடைமையாக்கிக்கொண்டார். 1983-இல் அவர் மைக்கேல் ஜாக்சனுடன் சேர்ந்து சில பாட்டுக்கள் இயற்றினார். 2009-இல் ஜாக்சன் இறந்தபின் அவற்றுள் ஒன்று “திஸ் இஸ் இட்” என்னும் பெயரில் வெளிவந்தது. அதனை ஆக்கியதில் தமக்கும் பங்குண்டு என்று ஆங்கா எடுத்துரைத்தார்; ஜாக்சனின் உடைமையை மேற்பார்த்தோர் அதனை ஒப்புக்கொண்டு அவர்க்குரிய பாதியை அளித்தனர். ஈகை வேறு, ஏமாளித்தனம் வேறு. ஹாலியின் மனைவிக்குத் தாமே மனமுவந்து விட்டுக்கொடுத்தவரும், பின்னர்த் தம் பங்கைக் கேட்டுப் பெற்றவரும் ஒருவரே.

அவர் பெயர் 1993-இல் பாட்டியற்றுவோர் புகழவையிற் சேர்க்கப்பெற்றது. 2024-இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று டொராண்டோ திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. அப்போது அவர்க்கு வயது 83. தனித்த சிறுவன் என்று பாடியவரை முதியவராகக் கண்டது அப்படம்.

பாடுவோன் பெரியனோ, ஆக்குவோன் பெரியனோ என்று தொடங்கினேன். அவ்வினாவே சற்றுக் கோணலானது என்று இப்பொழுது தோன்றுகின்றது. சினாட்ராவின் முதிர்ந்த குரலின்றி அச்சொல்லுக்கு உயிரில்லை. ஆங்காவின் சொல்லின்றி அக்குரல் தன்னைத் தானே அறிந்திராது. ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்தபோதுதான் இருவரும் நிறைவு பெற்றனர். ஆகவே கேட்கத்தக்க வினா வேறு: என்னிடமுள்ள சொல் யார் வாயில் உண்மையாகும்?

இக்கல்லூரியினின்றும் நம்மிற் பலர் இன்னும் சில திங்களிற் பிரிந்து செல்வோம். சிலர் ஆசிரியராவோம், சிலர் பிறர்க்குக் கடிதம் எழுதுவோராய், பிறர் பேச்சை மொழிபெயர்ப்போராய், பெயர் தெரியாத தொழில் செய்வோராய் வாழ்வோம். கைதட்டு ஓய்ந்தபின் வாழ்வு முடிந்தது என்று கருதற்க. நாம் கற்றுக்கொடுத்த ஒரு சொல் எங்கோ ஒரு பிள்ளையின் வாயில், எங்கோ ஒரு முதியவள் திண்ணையில், நம் பெயரை அறியாமலே வாழுமாயின் அதுவே போதும். அச்சொல்லை அவர்கள் சிறிது மாற்றிப் பாடினும் நன்றே. நம்முடையது அவர்களுடையதாயிற்று என்பதற்கு அதனினும் தக்க சான்று வேறு யாது?